தாத்தா வேலை பார்த்தது எந்தத் தூதரிடம்?

கேள்வி: ஐயா, எனக்குப் பிறந்த ஊர் பாகூர்ப் பக்கம். வாக்கப்பட்டது கடலூர் மஞ்சக்குப்பம். வருகிற தை மாதம் என் அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு நூற்றாண்டு. உறவுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சிறு மலர் போடுகிறோம். தாத்தா புதுச்சேரியில் பிரெஞ்சு அம்பாசிடரிடம் செக்ரட்டரியாக இருந்தார் என்று வீட்டில் எப்போதும் சொல்வார்கள். கையில் இருப்பது இரண்டே இரண்டு. ஒன்று, வெள்ளை கோட்டு போட்ட ஒருவர் பக்கத்தில் தாத்தா நிற்கும் படம். பின்பக்கம் பென்சிலில் பிரெஞ்சில் ஏதோ எழுதி, 15-8-195 என்று போட்டிருக்கிறது. கடைசி எண் 3 மாதிரியும் இருக்கிறது, 5 மாதிரியும் இருக்கிறது. மற்றொன்று, 1954 மார்ச் மாதத்துச் சம்பள ரசீது. அதுவும் பிரெஞ்சில்தான். பூச்சி அரித்துப் பாதி போன முத்திரையில் ஒரு குதிரையும் அரைச் சக்கரமும் தெரிகின்றன. மலரின் முதல் பக்கத்தில் டூப்ளே முதல் இன்றுவரை இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு தூதர்களின் பட்டியலைப் போட ஆசை. தருவீர்களா? படத்தில் இருப்பவர் அவர்களில் யார்? என் தம்பி கேட்கச் சொன்னது: தாத்தா தூதரகத்தில் வேலை பார்த்ததை வைத்து எங்களுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி கிடைக்குமா? தாத்தாவின் தம்பி சைகோனில் இருந்தவர். அவர் பிள்ளைகள் எல்லாரும் பிரான்சில் இருக்கிறார்கள்.

பதில்: அன்புள்ள அம்மா, நாற்பது வருஷமாகப் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆவணங்களைத் தமிழாக்கிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பழைய பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் “எங்க தாத்தா அம்பாசிடர்கிட்ட இருந்தார்” என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. ஊர் வாயில் புழங்கிய சொல் அது. வெள்ளை கோட்டு, கொடி கட்டிய கார், வாசலில் காவலாள் என்று இருந்துவிட்டால் போதும், நம் ஜனங்களுக்கு அவர் அம்பாசிடர். ஒரு வீட்டில் விசாரித்துக்கொண்டே போனபோது, கதையில் வந்தது ஆளே இல்லை, கார் என்று தெரிந்தது. உங்கள் படத்துக்கு அந்த வம்பு கிடையாது. அம்பாசிடர் கார் ஐம்பதுகளின் கடைசியில்தான் வந்தது.

முதலில் ரசீது. படத்தைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம் என்பேன். பிரெஞ்சில் இருப்பதால் பிரெஞ்சு அலுவலகம் என்று நினைத்துவிட்டீர்கள். முத்திரை வேறு சொல்கிறது. குதிரையும் சக்கரமும் எங்கே பக்கம் பக்கமாக வரும்? உங்கள் பர்ஸில் இருக்கும் ரூபாய் நோட்டைப் பாருங்கள். சிங்கத்தூண் சின்னத்தின் அடிப்பீடத்தில் நடுவே சக்கரம், இடப்பக்கம் ஓடும் குதிரை, வலப்பக்கம் காளை. உங்கள் முத்திரையில் சிங்கங்களையும் காளையையும் பூச்சி தின்றுவிட்டது, குதிரை தப்பித்துக்கொண்டது. 1950 ஜனவரி 26 முதல் அது இந்திய அரசின் சின்னம். பிரெஞ்சு முத்திரையாக இருந்தால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுருவமோ, ஆர், எஃப் என்ற இரண்டு எழுத்தோ இருக்கும். குதிரைக்கு அங்கே வேலை இல்லை.

அப்படியானால் 1954 மார்ச்சில், புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது, இந்திய அரசின் முத்திரையோடு பிரெஞ்சில் சம்பள ரசீது கொடுத்த அலுவலகம் எது? எனக்குத் தெரிந்து ஒரே பதில்தான்: புதுச்சேரியில் இருந்த இந்தியாவின் கான்சல் ஜெனரல் அலுவலகம். உங்கள் தாத்தா பிரெஞ்சு தூதரிடம் வேலை பார்க்கவில்லை, அம்மா. பிரெஞ்சு மண்ணில் உட்கார்ந்திருந்த இந்தியத் துணைத் தூதரிடம் வேலை பார்த்திருக்கிறார்.

கடலூரில் இருக்கும் உங்களுக்கு இது விநோதமாகப் படலாம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊரில் இந்தியாவுக்கு எதற்குத் தூதரகம்? அன்றைக்கு அது வெளிநாடு. பிரிட்டிஷ்காரர் ஆண்டபோதும் இங்கே ஒரு பிரிட்டிஷ் கான்சல் இருந்தார். 1947-க்குப் பிறகு இந்தியா தன் ஆளை வைத்தது. ரஷீத் அலி பெய்க் என்பவர் ஆரம்ப வருஷங்களில் கான்சல் ஜெனரலாக இருந்தார். 1949-ல் சுங்க ஒப்பந்தம் முறிந்தபின் எல்லைக் கெடுபிடி ஏறியது. பாகூரிலிருந்து கடலூருக்குப் போகிறவன் வழியில் சுங்கச் சாவடியைத் தாண்ட வேண்டும். இந்த வயலில் இந்தியா, அடுத்த வயலில் பிரான்சு, அதற்கடுத்ததில் திரும்பவும் இந்தியா என்று கிராமங்கள் பின்னிக் கிடந்த பக்கம் அது. பாகூர்ப் பெரியவர்களைக் கேட்டால் மடியில் என்னென்ன மறைத்துக்கொண்டு வந்தோம் என்று ராத்திரி முழுக்கச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் தமிழ், பிரெஞ்சு, இங்கிலீஷ் மூன்றும் எழுதத் தெரிந்த ஒரு பாகூர்ப் பையன் இந்தியத் துணைத் தூதரகத்துக்கு எவ்வளவு தேவைப்பட்டிருப்பான் என்று நினைத்துப் பாருங்கள்.

அதிலும் 1954 சாதாரண வருஷமா? வசந்த காலத்திலேயே நெட்டப்பாக்கம், மடுகரை பக்கமெல்லாம் கொந்தளிப்பு. பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து ஜூனில் ஏனாம் போயிற்று, ஜூலையில் மாஹே. அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். மூன்று நாள் கழித்து டெல்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. பிரான்சின் சார்பில் பியேர் லாந்தி ஒப்படைத்தார், இந்தியாவின் சார்பில் கேவல் சிங் பெற்றுக்கொண்டார். இந்தக் கேவல் சிங் யார்? அதுவரை இங்கே இந்தியாவின் கான்சல் ஜெனரல். முதல் நாள்வரை வெளிநாட்டுப் பிரதிநிதி, மறுநாள் காலையில் அதே ஊரின் சீப் கமிஷனர். பிற்பாடு வெளியுறவுச் செயலாளராக உயர்ந்து, அமெரிக்காவுக்குத் தூதராகவும் போனார். உங்கள் தாத்தா அந்த அலுவலகத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்திருக்கிறார். “அம்பாசிடர் செக்ரட்டரி” என்பதைவிட இது எவ்வளவோ பெரிய கதை என்பது என் அபிப்பிராயம்.

இனி உங்கள் பட்டியல். டூப்ளேயிலிருந்து ஆரம்பிக்க முடியாது. டூப்ளே கவர்னர். 1742 முதல் 1754 வரை பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே ஆண்டவர். தூதர் என்பவர் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அனுப்பும் ஆள். வருமுன் அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். வந்ததும் தன் நாட்டுத் தலைவர் கொடுத்த நியமனப் பத்திரத்தை இந்த நாட்டுத் தலைவர் கையில் நேரில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் தூதர். டூப்ளே யாரிடம் என்ன பத்திரம் நீட்டினார்? பீரங்கியைத்தான் நீட்டினார்.

கான்சல் வேறு ரகம். அவர் நாட்டுத் தலைவரைப் பார்த்துப் பத்திரம் கொடுப்பதில்லை. நம் பத்திரிகைகள் கான்சலுக்கும் “துணைத் தூதர்” என்று போடும், சென்னையில் இருக்கும் டெபுடி ஹை கமிஷனருக்கும் அதையே போடும், குழப்பம் தீராது. பாஸ்போர்ட், விசா, பிறப்பு இறப்புப் பதிவு, பென்ஷன், தன் நாட்டு ஜனங்களின் நல்லது கெட்டது என்பதெல்லாம் கான்சல் பாடு. அரசாங்கத்தோடு அரசாங்கம் பேசுவது தூதர் பாடு. புதுச்சேரியில் இன்றும் மரீன் தெருவில் இருப்பது பிரெஞ்சு கான்சல் ஜெனரல் அலுவலகம்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த இங்கத்துச் சொல்தாக்கள் வாயில் அது கோன்சுலா. பிரெஞ்சு தூதர் டெல்லியில் இருக்கிறார்.

கமிஷனர் என்ற சொல்லிலும் ஜாக்கிரதையாக இருங்கள். 1947-ல் பிரெஞ்சு கவர்னருக்கே பேர் மாறிக் குடியரசின் கொமிசேர் என்று ஆயிற்று. கடைசி கவர்னரும் முதல் கொமிசேரும் ஒரே ஆள்தான், பிரான்சுவா பாரோன். 1954-க்குப் பிறகு இந்தியாவின் சீப் கமிஷனர் வந்தார். ஏழே வருஷத்துக்குள் ஒரே சொல், இரண்டு கொடி. தொழிலுக்கு வந்த புதிதில் இந்தக் கொமிசேரை நான் போலீஸ் கமிஷனர் என்று தமிழாக்கிவிட்டேன். ஒரு சொத்து வழக்கில் அந்தக் காகிதம் கோர்ட்டுவரை போய்த் திரும்பி வந்தது. கட்சிக்காரர் பணம் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகப் பிரெஞ்சு தூதர்களின் வரிசை 1947-ல்தான் ஆரம்பிக்கிறது, தானியேல் லெவியிலிருந்து. இவருடைய தகப்பனார் சில்வேன் லெவி பேர்போன சமஸ்கிருத அறிஞர். இந்தியாவைப் படித்தே வாழ்ந்த ஒருவரின் மகனை முதல் தூதராக பிரான்சு அனுப்பியதில் ஒரு கணக்கு இருந்திருக்கும். 1951-ல் வந்தவர் ஸ்தனிஸ்லாஸ் ஒஸ்த்ரோரோக். போலந்து வம்சாவளிப் பிரபு. அப்பா ஒட்டோமான் அரசுக்குச் சட்ட ஆலோசகராக இருந்தவர், குடும்ப மாளிகை இஸ்தான்புல்லில் கடலோரத்தில் இருக்கிறது. ஒன்பது வருஷத்துக்குக் கிட்ட டெல்லியில் இருந்தார். 1954 அக்டோபர் ஒப்பந்தத்திலும், 1956 மே 28-ன் ஒப்படைப்பு உடன்படிக்கையிலும் பிரான்சின் கையெழுத்து இவருடையது. இரண்டாவதில் எதிர்ப்பக்கம் கையெழுத்துப் போட்டவர் நேரு. நம் ஊரின் தலையெழுத்தில் மை வைத்த தூதர் என்றால் அவர் ஒருவர்தான். உங்கள் தாத்தாவின் உத்தியோக காலத்துக்கு இந்த இரண்டு பேரும் போதும். அதற்குப் பிறகு வந்தவர்களை வரிசையாக அடுக்கினால் மலரின் முதல் பக்கம் டெலிபோன் டைரக்டரி ஆகிவிடும். உங்கள் உறவுக்காரர் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

எதிர்த்திசையையும் ஒரு வரி போடுங்கள். பாரிசுக்கு இந்தியாவின் முதல் தூதர் ஹர்தித் சிங் மாலிக், 1949 முதல். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் பறந்த சீக்கியர். வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த சந்திரநாகூரை ஒப்படைக்கும் உடன்படிக்கை 1951 பிப்ரவரி 2 அன்று பாரிசில் கையெழுத்தானபோது அங்கே தூதர் அவர்தான். அடுத்து 1956-ல் கே.எம். பணிக்கர் போனார். அவர் காலத்தில்தான் நம் உடன்படிக்கை கையெழுத்தாகியும் பாரிசில் தூசி படிந்து கிடந்தது. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு துண்டை விட்டால் இன்னொன்றையும் விடச் சொல்வார்களே என்று பிரெஞ்சு பாராளுமன்றத்தில் பலருக்குப் பயம். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடையது ஆயிற்று.

தூதர்களும் புதுச்சேரியும் என்று ஒரு பழங்கதை மலருக்கு வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 1787 ஜூலையில் திப்பு சுல்தானின் தூதர்கள் மூன்று பேர் (முகமது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முகமது உஸ்மான் கான்) பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியைப் பார்க்கக் கப்பலேறியது நம் புதுச்சேரிக் கரையிலிருந்துதான். ஆங்கிலேயரை எதிர்க்கப் படை உதவி கேட்டுப் போனார்கள். பிரான்சு போய்ச் சேர ஒரு வருஷம் ஆயிற்று. 1788 ஆகஸ்டில் வெர்சாயில் தர்பார் நடந்தது. பாரிஸ் பெண்கள் அவர்களுடைய உடுப்பைப் பார்த்து மயங்கினார்கள், ஓவியர்கள் படம் எழுதினார்கள். உபசாரம் நிறைய, படை மட்டும் இல்லை. மறு வருஷம் லூயியின் பாடே திண்டாட்டம் ஆகிவிட்டது.

இப்போது உங்கள் படம். ஆகஸ்ட் 15 என்றதும் சுதந்திர தினம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் ஊரில் அன்றைக்கு மாதா விண்ணேற்புத் திருநாள், அரவிந்தர் பிறந்தநாளும்கூட. கும்பலாகப் படம் எடுத்துக்கொள்ள மூன்று காரணம். நீங்கள் அனுப்பிய நகலில் தாத்தாவின் தோளுக்குப் பின்னால் ஒரு கொடியின் ஓரம் தெரிகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது, பட்டை தெரியும். பிரெஞ்சுக் கொடிக்குப் பட்டைகள் செங்குத்து, நம் கொடிக்குக் கிடைமட்டம். நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். படுத்த பட்டை மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் காற்றில் மடிந்து கிடக்கிறது, சத்தியம் பண்ண மாட்டேன்.

ஆகவே அந்தக் கடைசி எண்தான் வழக்கைத் தீர்க்கும். 3 என்றால் 1953. ஊர் பிரெஞ்சு ஊர். கான்சல் ஜெனரல் என்று இங்கே ஒருவர் கொடியேற்றி விருந்து வைத்தால் அவர் இந்தியாவின் கான்சல், தாத்தாவின் மேலதிகாரி. 5 என்றால் 1955. அதற்குள் எல்லாம் தலைகீழ். இந்தியாவின் கான்சலுக்கு இங்கே இனி வேலை கிடையாது, சீப் கமிஷனர் இருக்கிறார். கான்சல் என்று ஒருவர் இருந்தால் அவர் பிரெஞ்சுக்காரர், கொடியேற்றத்துக்கு விருந்தாளியாக வந்திருப்பார். ஒரே தேதி, இரண்டு வருஷ வித்தியாசம், வெள்ளை கோட்டுக்குள் இருக்கும் ஆள் மாறிவிடுகிறார்.

இப்படிச் செய்து பாருங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படத்தை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். செல்போன் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் மேசையோடு மேசையாகப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். பென்சில் கரி அழிந்திருந்தாலும் அழுத்திய பள்ளம் நிழல் கட்டும். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுக் கையெழுத்துப் பழகியவர்கள் 5 எழுதும்போது வயிற்றை முதலில் போட்டுவிட்டு, கையை எடுத்து, மேல் கோட்டைத் தனியாக இழுப்பார்கள். அந்தத் தனிக்கோடு இருக்கிறதா பாருங்கள். அடுத்து மூலையில் ஸ்டுடியோ முத்திரை. ஊர்ப் பேருக்குக் கீழே “ஆந்த் பிரான்சேஸ்”, அதாவது பிரெஞ்சிந்தியா, என்று இருந்தால் 1953 பக்கம் தராசு சாயும். அதுவும் முழுச் சாட்சி ஆகாது. நம் கடைக்காரர்கள் ரப்பர் ஸ்டாம்பு தேய்ந்து போகிறவரை மாற்ற மாட்டார்கள்.

மேற்கொண்டு தேட ஆசை இருந்தால் லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையம் இருக்கிறது. ஒரு நாள் போய் வாருங்கள். பிரெஞ்சுக் கால அரசிதழ்கள் வேண்டுமென்றால் ரொமேன் ரொலான் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பிரான்சில் இருக்கும் சின்னத் தாத்தாவின் பிள்ளைகள் உதவுவார்கள் என்றால், வெளிநாடுகளிலிருந்த பிரெஞ்சு தூதரகங்களின் பழைய காகிதம் நான்த் நகரத்தில் இருக்கிறது, காலனி நிர்வாகத்தின் காகிதம் எக்ஸான் புரோவான்ஸில். ஆனால் உங்கள் தாத்தாவின் பேரை அங்கே தேடுவதில் பலன் குறைவு. அவர் இருந்தது இந்தியப் பக்கம், அந்தக் கோப்புகள் டெல்லியைச் சேர்ந்தவை.

தம்பியின் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: கிடைக்காது. எந்தத் தூதரகத்தில் வேலை பார்த்தாலும் அதனால் குடியுரிமை ஒட்டாது. இங்கே எல்லாவற்றையும் தீர்ப்பது 1956 உடன்படிக்கையின் நான்காம் பிரிவு முதல் எட்டாம் பிரிவு வரை. அது கேட்பது, 1962 ஆகஸ்ட் 16 அன்று நீ எங்கே குடியிருந்தாய் என்பதுதான். புதுச்சேரியில் பிறந்து புதுச்சேரியிலேயே குடியிருந்தவர் அன்றே இந்தியர் ஆகிவிட்டார். வேண்டாம், பிரெஞ்சுக்காரனாகவே இருக்கிறேன் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தகப்பனார்தான் முடிவு செய்ய வேண்டும். வெளிநாட்டில் குடியிருந்தவருக்குச் சட்டம் நேர் எதிர். அவர் எதுவும் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக்காரராக நீடித்தார். உங்கள் சின்னத் தாத்தா அன்று சைகோனில் இருந்திருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும். அண்ணன் இங்கே, தம்பி அங்கே. ஒருவர் பிள்ளைகள் கடலூரில், இன்னொருவர் பிள்ளைகள் பிரான்சில். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இந்த வருத்தம் எத்தனை குடும்பங்களில் பேச்சுவார்த்தையையே நிறுத்தியிருக்கிறது என்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

தாத்தா அந்த ஆறு மாதத்தில் எழுதிக் கொடுத்த காகிதம் வீட்டில் இருந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், பேசலாம். அப்போதும் லேசில்லை. குடியுரிமைச் சான்று கொடுப்பது தூதரும் இல்லை, கான்சலும் இல்லை; வெளிநாட்டில் வசிப்பவர்களுக்குப் பாரிஸ் நீதிமன்றம். ஐம்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் பிரான்சுக்கு வெளியிலேயே இருந்து, பிரெஞ்சுக்காரராக ஒரு பதிவோ பாஸ்போர்ட்டோ எடுக்காமல் இருந்தால் அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும். காகிதம் இல்லையென்றால், ஒரு லட்சம் கொடுங்கள், முடித்துத் தருகிறேன் என்று வருகிற தரகர்களிடம் தம்பி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியத் துணைத் தூதரகத்தில் வேலை பார்த்தவர் பிரெஞ்சு குடியுரிமை கேட்டு எழுதியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

படத்துக்கடியில் இப்படிப் போடலாம்: “புதுச்சேரி, ஆகஸ்ட் 15. விடுதலைக்கு (1954) முன் இங்கிருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் தாத்தா பணிபுரிந்தார்.” வருஷமும் பக்கத்தில் நிற்பவர் பேரும் தெரிகிறவரை இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். அச்சகத்தில் ஸ்கேன் பண்ணும்போது பின்பக்கத்தையும் எடுத்து எனக்கு அனுப்புங்கள். படம் பளபளவென்று இருக்கட்டும் என்று யாராவது லேமினேட் பண்ணக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். லேமினேட் பண்ணிவிட்டால் பென்சில் பள்ளத்தைத் திரும்பப் பார்க்க முடியாது.